கணக்கில் வராத இரண்டு வரிசை

மண்ணைப் பற்றிக் கோவிந்தராசுவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரே ஒரு ஆள் சொல்லிக்கொண்டு திரிவதுண்டு. அந்த ஆள் கோவிந்தராசுதான்.

இருபத்து மூன்று வருடமாக அவருக்கு ஒரே வேலை. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, அச்சில் ஊற்றினால் எல்லா மூலைக்கும் ஓடுகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கரைசலை எஸ்டேட்டில் சிலிப்பு என்பார்கள். சிலிப்பு கெட்டியானால் பிள்ளையார் பொம்மைக்குத் தும்பிக்கை வராது. தண்ணியானால் பிள்ளையார் சூளைக்குள் குந்திவிடுவார். "கடவுளுக்கே மூக்கு வைக்கிறவன் நான்" என்று டீக்கடையில் சொல்வார். டீக்கடைக்காரர் அதற்குச் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்த வியாழக்கிழமை காலை, மங்கலம்பேட்டை ரோட்டில் ஒரு நிலக்கடலைக் கொல்லையின் வரப்பில் அவர் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. எதிரே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இது இலையாம்மா, சல்லடையா?" என்று கொல்லைக்காரர் கொளஞ்சிநாதன் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி மதிவதனியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். இலை பூராவும் கறுப்புப் பொட்டு. பாதி இலை உதிர்ந்து காம்பு மட்டும் நின்றது. "உங்க மருந்து அடிச்சி இருவது நாளாச்சி. எதுத்த கொல்லைக்காரன் கடையில வாங்கி அடிச்சான், அவன் மல்லாட்ட பச்சப்பசேல்னு நிக்குது. எனக்கு என்னா நிக்குது? தொடப்பக்குச்சி."

"இது பரிசோதனைன்னு சொல்லித்தான அடிச்சோம். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க."

"கையெழுத்துப் போட்டா செடி சாவலாமா?"

"செடி சாவல. இலைதான் கொட்டியிருக்குது."

"இலை இல்லாம காய் எங்கேர்ந்து வரும், உங்க ஆபீஸ்லேர்ந்தா?"

மதிவதனி சேத்தியாத்தோப்புக்காரி. நெல் வயலில் தண்ணீர்ச் சண்டை பார்த்து வளர்ந்தவள், லேசில் குரலை இறக்க மாட்டாள். ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் பூஞ்சை நோய்களைப் பார்க்கும் இரண்டு வருட வேலை அவளுக்கு. நாளை மாலைக்குள் இந்தக் கொல்லையின் முடிவை எழுதி அனுப்ப வேண்டும். பலித்தது என்று எழுதினால் ஆராய்ச்சி தொடரும். பலிக்கவில்லை என்று எழுதினால் ஆராய்ச்சியும் முடிந்தது, அவள் வேலையும் முடிந்தது. அதை அவள் கொளஞ்சிநாதனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மேளம் வைத்தாலும் வைப்பார்.

"ஏம்மா, அந்தாளுகிட்ட சொல்லு," என்றார் கொளஞ்சிநாதன், வரப்பின் பக்கம் திரும்பாமலே. "குந்தினு வேடிக்க பாக்கறதுக்கு இது சினிமா கொட்டா இல்ல."

அந்தாளு என்பது கோவிந்தராசு. அவர் மனைவி துர்காவின் கூடப்பிறந்த அண்ணன்தான் கொளஞ்சிநாதன். மச்சானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசி ஏழு வருடம் ஆகிறது.

அதற்கும் காரணம் கோவிந்தராசுவின் வாய்தான். மகள் வெண்பாவுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வந்த பஸ்ஸு பெண்ணாடத்தில் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது, பிள்ளை அழுகிறது, ஆசாரி கையைப் பிசைகிறார். கோவிந்தராசு பிள்ளையைத் தூக்கித் தன் முதலாளி ராஜாங்கத்தின் மடியில் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். மைக்கைப் பிடித்து, "மாமன் மடி பஸ்ஸுல வந்துகினு இருக்குது, அது வந்து சேர்ற வரைக்கும் மொதலாளி மடி" என்றார். பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்தான் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கொளஞ்சிநாதன் நடந்து வந்தார். தட்டை இறக்கி வைத்தார், திரும்பி நடந்தார். அதற்கப்புறம் தங்கையோடு பேசினார், மருமகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தார், மாப்பிள்ளை மட்டும் அந்தாளு ஆகிவிட்டார்.

ஜில்லாவில் எத்தனையோ கொல்லை இருக்க, மதிவதனி பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்தது இந்தக் கொல்லையை. எத்தனையோ பேர் மண் கரைக்க, அவள் கூப்பிட்டது கோவிந்தராசுவை. இருவரும் உறவு என்று அவளுக்குத் தெரிந்தபோது டிரம்மை ஆட்டோவிலிருந்து இறக்கியாகிவிட்டது.

அவளுக்கு மண் எதற்கு என்றால், மருந்து அதன் மேல்தான் சவாரி செய்ய வேண்டும். சாதாரணக் களிமண் அல்ல, மெக்னீசியமும் அலுமினியமும் அடுக்கடுக்காக அமைந்த வெள்ளைத் தூள். அதை எஸ்டேட் உருளையில் போட்டு மாவாக அரைத்துக் கரைத்தால், அவளுடைய மருந்து அந்த அடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் வெயிலிலும் பனியிலும் இரண்டு நாளில் போய்விடும். மருந்தின் பெயர் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருளை சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் விளக்கினாள்.

"பூஞ்சை செல்லுக்குள்ள எந்நேரமும் உத்தரவுச் சீட்டு போய்க்கினே இருக்குங்க. இதச் செய்யி, அதச் செய்யின்னு. அதெல்லாம் ஒத்த இழை. இரட்டை இழையா ஒண்ணு வந்துட்டா பூஞ்சைக்குச் சந்தேகம், வைரஸ் பூந்துடுச்சின்னு நெனச்சிக்கும். ஒரு கத்தரிக்கோல் வச்சிருக்குது, அதால இருவது இருவத்தோரு எழுத்துக்கு ஒரு துண்டா வெட்டும். அப்புறம் அந்தச் சின்னத் துண்ட கையில வச்சிக்கினு, அதுக்குப் பொருந்தற சீட்டு எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சி அழிக்கும்."

"சரி."

"நாம பூஞ்சைக்கு உசுரான ஒரு சீட்டையே இரட்டை இழையா எழுதி வெளியேர்ந்து குடுக்கறோம். அது தன் சீட்டத் தானே அழிச்சிக்கும்."

கோவிந்தராசு யோசித்தார். எஸ்டேட்டில் ஒரு தடவை சோதனை போடுகிறவரிடம் முதலாளி ஓர் உடைந்த மூக்கைக் கொடுத்து, இந்த மாதிரி மூக்கு இருக்கிற பொம்மையெல்லாம் கழிவு என்றார். அது நல்ல பொம்மையின் மூக்கு, தவறிப்போய்க் கொடுத்துவிட்டார். சோதனைக்காரர் சாயங்காலத்துக்குள் நானூறு நல்ல பொம்மையை உடைத்தார். "அப்ப நாம பூஞ்சைக்குத் தப்பு மூக்கு குடுக்கறோம்," என்றார்.

மதிவதனி உருளையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "ஆமாங்க. அதேதான்."

"எங்க மச்சான் மாதிரிதான். ஒரு துண்டு வார்த்த கெடச்சா போதும், ஏழு வருஷம் அத வச்சிக்கினே தேடித் தேடி வெட்டுவாரு."

அவள் சிரிக்கவில்லை. அப்போது ஒன்று சொன்னாள்: "இதுல மண்ணு, தண்ணி, மருந்து, மூணுதான். புளிப்பு ஆகாது, சோப்பு மாதிரி காரம் ஆகாது, எச்சி வேர்வ கூட ஆகாது. வேற எது பட்டாலும் மருந்து சிதைஞ்சிடும். ஞாபகம் இருக்கட்டும்." கோவிந்தராசு தலையாட்டினார். வீட்டில் துர்கா மளிகைச் சாமான் சொல்லும்போது ஆட்டுகிற அதே ஆட்டு.

தெளித்த அன்று நடந்தது இதுதான். கொளஞ்சிநாதன் தன் பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு கிழக்கு வரப்போரமாக ஆரம்பித்தார். மருந்து கலந்ததை இரண்டு வரிசை அடித்தார். மண் அடியில் தங்கி நாசில் அடைத்துக்கொண்டது. மதிவதனி போன் பேச ரோட்டுப் பக்கம் போயிருந்தாள். இடையில் ஆள் இல்லாததால் கொளஞ்சிநாதன் வேப்பமரத்திடம் பேசினார்.

"மண்ணுல பொறந்து மண்ணுல பொரள்றேன்னு ஊர் பூரா சொல்லிக்க வேண்டியது. ஒரு டிரம்மு மண்ணு கரைக்கத் தெரியில. நாசில வாயால ஊதி எடுக்கச் சொல்லு. வாய்தான் பெருசா இருக்குதே."

கோவிந்தராசுவுக்குக் காது சூடாகிவிட்டது. சிலிப்பு அடியில் தங்கினால் என்ன செய்வது என்று எஸ்டேட்டில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். அவர் சைக்கிளில் மாட்டியிருந்த பையில், எஸ்டேட்டுக்கு வாங்கிப்போகிற சிலிகேட்டு ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருந்தது. கண்ணாடிப் பாகு மாதிரி வழுவழுவென்று இருக்கும். கெட்டிச் சேற்றில் கொஞ்சம் விட்டால் போதும், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற மண் எல்லாம் பிரிந்து மிதந்துவிடும். கொளஞ்சிநாதன் ஸ்பிரேயரில் மீந்ததை டிரம்மில் கொட்டிவிட்டு நாசிலைக் கழுவப் போன நேரத்தில், இரண்டு டிரம்மிலும், மருந்து கலந்ததில் கால் பாட்டில், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மண் கரைத்ததில் கால் பாட்டில், ஊற்றினார். கிண்டினார். பால் மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் கொல்லை முடிகிற வரைக்கும் நாசில் ஒரு தடவை கூட அடைக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் மச்சான் வரிசை வரிசையாக நடந்துபோவதை வேப்ப நிழலில் உட்கார்ந்து பார்த்தது, ஏழு வருடத்தில் கோவிந்தராசுவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

இப்போது அதை நினைத்து அவர் வரப்பில் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நான் எழுதப் போறத சொல்லிடறேன்," என்றாள் மதிவதனி. குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "மருந்து கலந்து அடிச்ச பாத்தி, வெறும் மண்ணு அடிச்ச பாத்தி, ரெண்டும் ஒரே மாதிரி பொட்டு. சில பூஞ்சைக்கு அந்தக் கத்தரிக்கோலே கெடையாது, எந்தக் காலத்துலயோ தொலைச்சிட்டுதுங்க. சிலது வெளியேர்ந்து குடுத்தா உள்ள வாங்காது. லேப்ல தட்டுல வளத்தப்ப இது வாங்கிக்கிச்சி. இந்தக் கொல்லையில இருக்கறது வேற ரகம் போல. இதுக்கு இந்த வழி ஆகாதுன்னு எழுதிட்டு மூட்டய கட்டப் போறேன். போதுமா?"

"மூட்டய எதுக்குக் கட்டற?"

"வேல போயிடும். வேற எதுக்கு."

கொளஞ்சிநாதன் கையிலிருந்த செடியை ஓரமாக வீசினார். இரக்கப்படப் போகிறார் என்று கோவிந்தராசு நினைத்தார். தன் மச்சானை அவருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"அப்ப உனக்கே தெரியாத மருந்தத்தான் என் கொல்லையில ஊத்தி வெளாண்ட. படிச்ச ஏமாத்துக்காரி. கெழக்கால ஓரத்துல ரெண்டு வரிசை மட்டும் ஏதோ என் நல்ல காலம், இலையோட நிக்குது. அங்க மட்டும் உன் கை படல போல."

"ஓர வரிசை எந்தப் பரிசோதனையிலயும் கணக்குல வராது. காத்து, நிழல், பக்கத்துக் கொல்லை, எல்லாம் படும். அத நான் எண்ணக்கூட இல்ல."

கோவிந்தராசு எழுந்து கிழக்கு வரப்புக்கு நடந்தார். இரண்டு வரிசை. நாசில் அடைப்பதற்கு முன்னால் அடித்த அதே இரண்டு வரிசை. பொட்டு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் இலைகள் காம்பில் இருந்தன. மூன்றாவது வரிசையிலிருந்து தொடப்பக்குச்சி. கோடு போட்ட மாதிரி இருந்தது. காற்று கோடு போடாது. நிழலும் மூன்றாவது வரிசைக்கு முன்னால் சரியாக நிற்காது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பாட்டிலை அவர் அன்றைக்கே கழுவிவிட்டார். இந்தப் பெண் சேத்தியாத்தோப்புக்குப் போவாள், இந்தப் பூஞ்சைக்கு இது ஆகாது என்று எங்கோ ஒரு காகிதத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டு இனி யாரும் இதைத் தொட மாட்டார்கள். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாயைத் திறந்தாலோ, உலகத்தில் எந்த மனிதன் முன்னால் தோற்கக் கூடாதோ அந்த மனிதன் பத்தடி தள்ளி நிற்கிறான். அவர் ஜெயித்த ஒரே நாளையும் அவனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மதிவதனி குனிந்து, கொளஞ்சிநாதன் வீசிய செடியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஏமாத்துக்காரி என்றதற்கு அவள் பதில் சொல்லவில்லை. காலையிலிருந்து அவள் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றுதான். அது கோவிந்தராசுவை என்னவோ செய்தது.

"பூஞ்சைக்குக் கத்தரிக்கோலு இருக்குதும்மா," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"நான்தான் அதுங்கிட்ட துண்டே போய்ச் சேராம பண்ணிட்டேன். அன்னிக்கி நீ போன் பேசப் போனியே, நாசில் அடைச்சிக்கிச்சி. ரெண்டு டிரம்முலயும் சிலிகேட்டு ஊத்தினேன்."

"என்னா ஊத்தினீங்க?"

"சோடியம் சிலிகேட்டு. சிலிப்பு எளகறதுக்குப் போடுவோம். கை பழக்கம்."

அவள் மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள், மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். அன்றைய டிரம்மின் அடியில் ஒரு சாண் கரைசல் கழுவாமல் கிடந்தது. பையிலிருந்து நிறம் மாறுகிற தாளை எடுத்து நனைத்தாள். தாள் கருநீலமாக ஆனது. இன்னொன்று நனைத்தாள். அதுவும்.

"காரம் பதினொண்ணு," என்றாள். "சோப்புத் தண்ணிய விட மோசம். ஆர்.என்.ஏ. இதுல கொஞ்ச கொஞ்சமா அறுந்து தூளாயிடும், மண்ணுல ஒட்டினதும் கழண்டுடும். பத்து நாளா நான் என்னையே சந்தேகப்பட்டுக்கினு இருக்கேன். தூங்கல. கணக்க எட்டுத் தடவ போட்டுப் பாத்தேன். லேப்ல இருக்கிற பொண்ண திட்டி அழ வச்சேன். காரம் ஆகாதுன்னு உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்?"

"ஒரு தடவ."

"ஒரு தடவ சொன்னா போதாதா?"

"எனக்குப் போதாதும்மா. வூட்டுல கேட்டுப்பாரு."

"சிரிக்காதீங்க. சத்தியமா சொல்றேன், இப்ப சிரிச்சீங்கன்னா இந்த டிரம்ம தூக்கி உங்க தலையில கவுத்துடுவேன்." அவள் கண் நிரம்பியிருந்தது, அதற்கும் அவர் மேலேயே கோபப்பட்டாள். "ஏன் ஊத்தினீங்க? அடைச்சா என்ன கூப்பிட வேண்டியதுதான?"

கோவிந்தராசு தரையைப் பார்த்தார். "கூப்ட்டிருக்கலாம். ஒருத்தரு வேப்பமரத்துக்கிட்ட ஒண்ணு சொன்னாரு. அதக் கேட்டுக்கினு சும்மா குந்த முடியில."

கொளஞ்சிநாதன் வாசலில் நின்றிருந்தார். முதலில் வழக்கப்படி மதிவதனியின் பக்கமாகத்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, அந்தாளுகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். திட்டு பெரிது. இன்னொருத்தர் வழியாக அனுப்பினால் பாதி சிந்திவிடும். நேராகத் திரும்பினார்.

"யோவ். உனக்கு அறிவு இருக்குதாய்யா? நான் வேப்பமரத்துக்கிட்ட ஆயிரம் பேசுவேன். என் மரம், என் கொல்ல. நீ எதுக்குய்யா அத எடுத்துக் காதுல போட்டுக்கற? ஒரு ஏக்கரா மல்லாட்ட, ஒரு பொண்ணு வேல, எல்லாத்தையும் கொண்டாந்து உன் ரோசத்துக்குக் காவு குடுத்துட்டியே. அன்னிக்கும் அப்பிடித்தான். ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா மடி வந்திருக்கும். பொறுத்தியா? மைக்க புடிச்ச. இங்க பாட்டில புடிச்ச. உன் கையையும் வாயையும் கட்டிப்போட்டாத்தான்யா உலகம் உருப்படும்."

இன்னும் நிறைய சொன்னார். அச்சில் ஏற்ற முடியாதவை சில. கோவிந்தராசு எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். ஏழு வருடம் சேர்ந்தது, ஒரே மூச்சில் வந்தால் இவ்வளவு இருக்கத்தான் செய்யும். நடுவில் ஒரு தடவை, "பஸ்ஸுலேர்ந்து எறங்கி ஒரு மைலு ஓடியாந்தேன்யா, தட்ட தலையில வச்சிக்கினு" என்றபோது கொளஞ்சிநாதனின் குரல் ஒரு மாதிரி ஆனது. அதை மறைக்க அவர் இன்னும் கெட்ட வார்த்தை ஒன்றைப் போட்டார்.

மூச்சு வாங்கியதும் மதிவதனியிடம் கேட்டார். "அந்த ரெண்டு வரிசைய கணக்குல எழுத மாட்டியா?"

"எழுத முடியாதுங்க. ஓரம் ஓரம்தான். பரிசோதனை கெட்டுப்போச்சி, மறுபடி பண்ணணும்னு எழுதலாம். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. ஐஸ் பெட்டியில ஒரே ஒரு பாட்டில் மருந்து இருக்குது. கொல்லைதான் இல்ல."

"தெக்கால லேட்டா பின்பட்டத்துல வெதச்சது அஞ்சு செண்டு இருக்குது. இன்னும் பொட்டு வுழல." சொன்ன உடனே அவருக்கே கோபம் வந்துவிட்டது. "உனக்காக இல்ல. ரெண்டு வரிசை பச்சையா நிக்குதே, அது ஏன்னு எனக்குத் தெரியணும். இதுவும் போச்சின்னா உங்க ஆபீஸ் வாசல்ல மாட்ட ஓட்டியாந்து கட்டுவேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெற்குக் கொல்லையில் கோவிந்தராசுவின் சைக்கிளை வரப்பிலேயே நிறுத்தினார்கள். கொளஞ்சிநாதன் பையைக் கவிழ்த்தார். சோற்று டப்பா, சீப்பு, பீடிக்கட்டு. சட்டைப்பையைத் தடவினார். இடுப்பு வேட்டி மடிப்பையும் தடவினார். "கைய நீட்டு" என்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். மதிவதனி கோவிந்தராசுவின் கையில் ரப்பர் உறையை மாட்டினாள். அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டாளா, என்ன எழுதினாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

இந்தத் தடவை அவள் ஓர வரிசைகளை வெறுமையாக விட்டு, நடுவில் கயிறு கட்டியிருந்தாள். மூன்றாவது வரிசையில் நாசில் அடைத்தது. கோவிந்தராசு அதைக் கழற்றி, ஊதுவதற்கு வாயில் வைக்கப் போனார்.

"எச்சி படக்கூடாது!" என்று மதிவதனி கத்தினாள். "எச்சில இருக்கறது மருந்தத் தின்னுடும்."

"உன் வாயால இந்த ஊருல ஒரு நல்லதும் நடக்காதுய்யா," என்றார் கொளஞ்சிநாதன், நேராக.

வழி ஒன்றுதான் இருந்தது. மண் அடியில் தங்காமல் இருக்க வேண்டும் என்றால் யாராவது நிறுத்தாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிகேட்டு கண்டுபிடிப்பதற்கு முன்னால் எஸ்டேட்டில் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று கோவிந்தராசு நினைத்தார். கழுவிக் காயவைத்த மூங்கில் கழியை எடுத்து டிரம்முக்குள் விட்டார். வெயில் ஏறியது. தோள்பட்டை இற்றுப்போனது. பத்து மணிக்கு ஒரு நல்ல ஜோக் தோன்றியது. சொல்லவில்லை. அதற்குள் கை கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

ஏழாவது வரிசையிலிருந்து கொளஞ்சிநாதன் திரும்பிப் பார்த்தார்.

"யோவ். கை நிக்குது பாரு. கிண்டு."

கோவிந்தராசு கிண்டினார்.